ஹெனான்காரர் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை

நான் காலையில் சூப் குடிக்கிற கடையில் வாரத்துக்கு ஒரு தடவையாவது கிண்ணத்துக்குள் முடி கிடக்கும். ஹூலாதாங் என்று அந்தச் சூப்புக்குப் பெயர். மிளகுக் காரம் தூக்கலாக, கொழகொழவென்று, பார்த்தால் மாட்டுக்குக் காய்ச்சிய கூழ் மாதிரி இருக்கும். கடைக்காரம்மாவை எல்லோரும் மா ஜியே என்று கூப்பிடுவார்கள். நம் வழக்கத்தில் மா அக்கா. முடியைக் காட்டினால் அவள் பதறமாட்டாள். இரண்டு விரலால் அதை உருவி, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டு, "இந்தியா. உன் ஊர்க்காரி உன்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள்" என்று சொல்லி, கிண்ணத்தை என் பக்கமே தள்ளி வைப்பாள். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். ஊரில் சோற்றில் முடி கிடந்தால் எங்கள் அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார். அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது. இங்கே வந்த புதிதில் நானும் அப்படித்தான் எழுந்து போனேன். இப்போது மிச்சத்தைக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். அதை நினைத்தால் முடியைவிட என்மேல்தான் எனக்கு அதிகம் குமட்டுகிறது.

சீனாவில் இருக்கிறேன் என்றால் ஊரில் எல்லோரும் ஷாங்காயா என்று கேட்கிறார்கள். ஷாங்காயும் இல்லை, கண்ணாடிக் கட்டடமும் இல்லை. ஹெனான் என்ற உள்நாட்டு மாகாணம்; கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட இங்கே பலருக்குக் கவலை கிடையாது. வெளிநாட்டு விருந்தாளிகளுக்குக் கொடுப்பதற்காக இந்த மாகாணத்தின் பொருளாதாரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு மினுமினுப்பான புத்தகம் போட்டார்கள். பிழை பார்த்துக் கொடு என்று அதை எங்கள் கம்பெனி என் தலையில் கட்டியது. கோதுமைக் களஞ்சியம், பூண்டு, உறையவைத்த கொழுக்கட்டை, செல்போன் பூட்டும் ஆலைகள், நாலு திசைக்கும் போகிற ரயில் என்று பக்கத்துக்குப் பக்கம் படம். படத்தில் இருக்கிற அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். நான் பிழை பார்த்தேன். புத்தகத்தில் இல்லாத பிழைகளை யாரும் கேட்கவில்லை. வயசுப் பிள்ளைகள் கடலோர ஊர்களுக்கு வேலைக்குப் போய்விட, கிராமம் முழுக்கக் கிழடுகளும் குழந்தைகளும் மட்டும் மிஞ்சியிருப்பது அதில் கிடையாது. ஹெனான்காரன் என்று சொன்னால் மற்ற மாகாணத்தான் தன் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வான் என்பதும் கிடையாது. சென்னையில் தர்மபுரி என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் "ஓ, அந்தப் பக்கமா" என்று இழுப்பாரே, அதே இழுப்புத்தான். பின்தங்கிய மாவட்டம் என்று பாடப் புத்தகத்திலேயே எங்கள் நெற்றியில் எழுதி ஒட்டினார்கள். எங்கள் பிள்ளைகளும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறினார்கள். நான் கொஞ்சம் தூரமாக ஏறினேன், அவ்வளவுதான்.

இந்த ஊரின் பிழைப்பு முடி. உலகத்தில் யார் யாரோ தலையில் வைத்துக்கொள்கிற விக் எல்லாம் இங்கே தைக்கப்படுகிறது. இந்தியாவிலிருந்து வரும் மூட்டைகளைப் பிரித்து ரகம் சொல்வது என் வேலை. கோயிலில் மொட்டை போட்ட முடி உசத்தி. வேரும் நுனியும் ஒரே பக்கமாகக் கிடக்கும், சிக்கு விழாது. இன்னொன்று சீப்பில் வந்த சிக்கு முடி. ஊரில் எங்கள் வீட்டுப் பெண்கள் தலை சீவியதும் உதிர்ந்த முடியை விரலில் சுருட்டி, அதன்மேல் 'தூ' என்று துப்பி, சுவரிடுக்கில் செருகி வைப்பார்கள். தெருவில் முடிக்காரர் குரல் கேட்டால் அத்தனையும் எடுத்துக் கொடுத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் மக்கு வாங்கிக்கொள்வார்கள். குழந்தையாக இருந்தபோது அது எனக்கு ஒரு விஷயமாகவே பட்டதில்லை. இங்கே மூட்டையைப் பிரிக்கும்போது அந்தச் சுருட்டைகள் அப்படியே வந்து விழுகின்றன. காய்ந்த பேன், துருப்பிடித்த கொண்டை ஊசி, பூ கட்டிய நார், குங்குமம், எண்ணெய்ச் சிக்கு. யாரோ ஒரு அத்தை துப்பிய எச்சிலுக்குள் கைவிட்டுத்தான் நான் சோறு தின்கிறேன்.

சிக்கு முடியில் வேர் எது நுனி எது என்று தெரியாது. அப்படியே விட்டால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதனால் கழுவும் கொட்டகையில் ஆசிட் தொட்டிக்குள் முக்கி, முடியின் மேல்தோலையே உரித்துவிடுவார்கள். பிறகு கார நீர், சாயம், மேலே பளபளப்புக்கு ஒரு பூச்சு. அந்தக் கொட்டகைக்குள் போனால் மூக்கு எரியாது. முதலில் கண் எரியும், பிறகு தொண்டை, கடைசியில் வயிறு புரட்டும். சாயங்காலம் குளித்தாலும் சட்டையைக் கழற்றும்போது அந்த நாற்றம் எழும். மா அக்கா சூப்புக் கடை போடுவதற்கு முன்பு அந்தக் கொட்டகையில்தான் இருந்தாள். அவள் நகங்கள் இன்னும் சரியாக வளரவில்லை.

அவளும் நானும் சிநேகமானது ஒரு சண்டையில். ஒருநாள் அவள் என் பல்லைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தாள். தர்மபுரிக்காரனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. எங்கள் ஊர் போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு. அதைக் குடித்து வளர்ந்தவன் பல்லில் காவி அடித்த மாதிரி பட்டை பட்டையாக இருக்கும். கல்யாண ஃபோட்டோவில்கூட வாயை மூடிக்கொண்டு நிற்கிற ஜாதி நாங்கள். நான் கிண்ணத்தை டொக்கென்று வைத்துவிட்டு எழுந்தேன். அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்து நிறுத்தி, தன் உதட்டை விரலால் மேலே தூக்கிக் காட்டினாள். அதே பட்டை. அவள் கிராமத்துத் தண்ணீரும் அதே தண்ணீர். ஒரே ஒரு கிணறு மட்டும் நன்றாக இருந்ததாம். அதன் பக்கத்தில் முடி கழுவும் கொட்டகை வந்தது. "பிறகு?" என்றேன். "பிறகு கான்கிரீட் போட்டு மூடினார்கள்" என்றாள். சொல்லிவிட்டு அடுத்தவருக்குச் சூப் ஊற்றப் போய்விட்டாள்.

எங்களுக்கும் அப்படி ஒரு கிணறு இருக்கிறது. அதியமான்கோட்டையிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஓடையை ஒட்டி. நான் பெரிய பள்ளிக்கூடம் போகிற காலத்தில்தான் அப்பா அந்த நிலத்தை வாங்கினார். அதற்குள் எனக்கும் அண்ணனுக்கும் பல் முளைத்து, கறையும் பிடித்துவிட்டது. அதற்கப்புறம் பிறந்த அண்ணன் மகளுக்குப் பல் பூசணி விதை மாதிரி வெள்ளை. சுற்று வட்டாரத்தில் குடிக்கிற மாதிரி தண்ணீர் அந்தக் கிணற்றில்தான். ஊர்க்காரர்கள் குடத்தோடு வந்து இறைத்துக்கொண்டு போவார்கள். காலனிக்காரர்கள் அண்ணன் மோட்டார் போட்டு வெளித்தொட்டியில் தண்ணீர் விடும்வரை காத்திருப்பார்கள். அது யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் மேனேஜர் பெயர் லியு. கெட்ட மனிதர் இல்லை. பசியில் வளர்ந்தவர், எதையும் வீணாக்கமாட்டார். இங்கே சுற்றுச்சூழல் கெடுபிடி அதிகமானதும் கழுவும் கொட்டகைகளை ஒவ்வொன்றாக மூடச் சொல்லிவிட்டார்கள். லியு கோபப்படவில்லை. கோதுமை விலையைப் பற்றிப் பேசுகிற குரலில் எனக்கு விளக்கினார். "இந்த வேலை முதலில் கடலோரத்தில் இருந்தது. அவர்களுக்கு வசதி வந்ததும் எங்களிடம் தள்ளினார்கள். இப்போது எங்களுக்கும் கொஞ்சம் வசதி வந்துவிட்டது. இனி இது இன்னும் உள்ளே போக வேண்டும்." உள்ளே என்றால் எங்கே என்று கேட்டேன். "உங்கள் ஊர்" என்றார். முடி அங்கேதான் கிடைக்கிறது, பெரிய ரோடு இருக்கிறது, நல்ல தண்ணீர் மட்டும் வேண்டும். அந்த மினுமினுப்புப் புத்தகத்தில் சொல்லாத பொருளாதாரம் முழுவதையும் அவர் நாலைந்து வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

கடத்தூரில் எங்களுக்கு முடி சேர்த்து அனுப்புகிற ஏஜென்ட் வாயிலாகச் செய்தி அண்ணன் காதுக்குப் போனது. ஒரே வாரத்தில் அண்ணன் கிணற்றையும் நிலத்தையும் வீடியோ எடுத்து அனுப்பிவிட்டார். பின்னால் பாட்டு வேறு. நான் போன் போட்டு, இது என்ன வேலை என்று தெரியுமா, கொட்டகைக்குள் நின்றால் என்ன நாறும் தெரியுமா என்று உள்ளதையெல்லாம் சொன்னேன். மா அக்காவின் கிணற்றையும் சொன்னேன்.

அண்ணன் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "ஏன்டா, நீ போயி அந்த நாத்தத்துல சம்பாரிச்சு மெத்த வூடு கட்டிக்கலாம், அது இங்க வந்தா மட்டும் கசக்குதா உனக்கு?" என்றார்.

போனை வைத்துவிட்டு மூட்டை பிரிக்கப் போனேன்.

லியு இடம் பார்க்க எங்கள் ஊருக்கு வந்தார். துபாஷியாக நானும் கூட வந்தேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டைப் பார்த்ததும் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். அந்த ஆசிட் கொட்டகைக்குள் கைக்குட்டை இல்லாமல் நின்ற மனிதர். "முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர் இப்படித்தான் இருந்தது" என்று அன்பாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒகேனக்கல் போனோம். அருவியைவிட அங்கே குவிந்து கிடந்த குப்பையை அதிகம் ஃபோட்டோ எடுத்தார். மீன் வறுவல் கடையில் அவருக்கு ஒரு டம்ளர் வெந்நீர் கேட்டேன். கடைக்காரர், "காப்பிங்களா?" என்றார். "இல்லீங்க, வெறும் சுடுதண்ணி" என்றேன். "உடம்புக்கு முடியலீங்களா பாவம்" என்று அவர் லியுவைப் பரிதாபமாகப் பார்த்தார். சீனாவில் குடிக்கிற தண்ணீர் என்றால் சுடுதண்ணீர்தான். ரயிலில், ஆபீசில், ஆஸ்பத்திரியில் எங்கும் வெந்நீர்க் குழாய் உண்டு. பச்சைத் தண்ணீர் கை கழுவ, தரை துடைக்க. அதைக் குடித்தால் வயிறு கெடும் என்று பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும்.

மறுநாள் நிலத்தைப் பார்க்கப் போனோம். லியு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். ஓடைப் பக்கம் நடந்து போய்ச் சரிவைப் பார்த்துவிட்டு அதற்கும் தலையாட்டினார்.

"கழுவுன தண்ணி எங்க போவும்னு கேளு" என்றார் அண்ணன்.

கேட்டேன். லியு ஓடையைக் கையால் காட்டினார்.

நான் எதையும் மறைக்கவில்லை, மாற்றவில்லை. "ஓடையில உட்ருவாங்களாம்ங்கண்ணா. ஆசிட்டுத் தண்ணி. சுத்தம் பண்ணி உடறோம்னு ஒப்புக்குக்கூட சொல்லல அந்தாளு" என்றேன்.

"ஓடையில இப்ப என்ன தேனா ஓடுது? காஞ்சுதான கெடக்குது."

"கெணறு ஒட்டுனாப்ல இருக்குதுங்கண்ணா. ஊறி வந்துராதா?"

"வந்தா ஒரு போர் போட்டுக்கறேன்."

"போர்த் தண்ணிதான நம்ம பல்ல இப்பிடி ஆக்குச்சு?"

அண்ணன் ஒரு கல்லை எடுத்துக் காய்ந்த ஓடையில் எறிந்தார். பிறகு, "பல்ல வெச்சு என்னடா பண்றது. புள்ளைக்கு மாப்பிள்ள பாக்கணும்" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. யாரும் அவரை ஏமாற்றவில்லை. தெரியாமல் விஷம் குடிக்கிறவனைத் தடுக்கலாம். தெரிந்தே பிறக்கப்போகிற பேரனுக்கு விஷம் ஊற்றி வைக்கிறவரிடம் என்ன சொல்வது? லியு என் தோளைத் தட்டி, "அண்ணன் புத்திசாலி" என்றார்.

பேச்சு முடிந்த சந்தோஷத்தில் வீட்டுக்குப் போனோம். வாசலில் லியு சாணியை மிதித்துவிட்டார். நல்ல தோல் ஷூ. ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். அதே நேரம் அண்ணி உள்ளேயிருந்து வந்தார். வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டுமே. விளக்கிப் பளபளவென்றிருந்த பித்தளைச் சொம்பில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, இரண்டு கையாலும் நீட்டினார். லியு வாங்கினார். தலையைக் குனிந்து மரியாதையாக வணக்கம் சொன்னார். பிறகு அந்தத் தண்ணீரைத் தன் ஷூமேல் கவிழ்த்து, சாணி போகும்வரை நிதானமாகக் கழுவினார். காலிச் சொம்பை, அவரும் இரண்டு கையால், அண்ணியிடமே திருப்பி நீட்டி, "ஷியே ஷியே" என்றார். நன்றி என்று அர்த்தம். மிதித்ததைப் பார்த்து உடனே தண்ணீர் கொண்டுவந்தார்களே என்று மனிதர் உருகிப் போயிருந்தார்.

அண்ணி சொம்பை வாங்கவில்லை. உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த காப்பியும் வரவில்லை. அண்ணனின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே கிடையாது.

"கூட்டிக்கிட்டுப் போடா" என்றார்.

"அண்ணா..."

"நம்ம வூட்டுத் தண்ணி அந்தாளுக்குச் செருப்புக் கழுவத்தான் ஆவுமா? கூட்டிக்கிட்டுப் போ. நெலமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

ஒரு வார்த்தை போதும். இவங்க பச்சைத் தண்ணி குடிக்கமாட்டாங்கண்ணா, கழுவத்தான் குடுத்தீங்கன்னு நெனச்சுட்டாரு என்று நான் சொல்லியிருந்தால் அண்ணன் சிரித்திருப்பார். அண்ணி தண்ணீரைக் காய்ச்சி எடுத்து வந்திருப்பார். வாய்வரை வந்தது. கிணற்றுப் பக்கம் பார்த்தேன். யாரோ ஒரு பெண் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அண்ணனின் கோபத்தை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் வந்தால் அதற்கு என்ன பொருள் என்று நமக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நாம் அதைச் செய்கிறவர்கள். களையெடுக்க ஆள் கூப்பிடக் காலனிக்குப் போன அப்பா அங்கே ஒரு வீட்டில் நீட்டிய தண்ணீரை, தாகமில்லை என்று சொல்லி வாங்காமல் வந்ததை நானும் அண்ணனும் பக்கத்தில் நின்று பார்த்தோம். வெயிலில் நடந்து வந்தவருக்குத் தாகமில்லையாம். எங்கள் கிணற்றுக்கு வெளியே தொட்டி கட்டி வைத்தவர்களும் நாங்கள்தான். அந்தக் கணக்கில் அண்ணன் லியுவை அளந்தார். ஆசிட்டைப் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்த மனிதருக்கு இது பொறுக்கவில்லை. நல்ல தண்ணீர் பிழைத்தது நல்ல காரணத்துக்காக அல்ல என்பது எனக்கு இன்றுவரை நெஞ்சில் கசக்கிறது. பிழைத்ததே போதும் என்று வைத்துக்கொள்கிறேன்.

காரில் லியுவுக்கு ஒன்றும் புரியவில்லை. வாடகை போதவில்லையா, காப்பி வரும் என்றாயே என்று கேட்டுக்கொண்டே வந்தார். நிலத்தின் வாஸ்து சரியில்லையாம், வீட்டில் திடீரென்று சகுனம் பார்த்தார்கள் என்றேன். உடனே அமைதியாகிவிட்டார். ஃபெங்ஷூய் என்றால் அவர்களுக்கும் மறுபேச்சு கிடையாது. "அப்படியானால் அவசரப்படக்கூடாது. ஆனால் அதைச் சரிசெய்கிற நிபுணர்கள் இருக்கிறார்கள்" என்றார். வேறு நாலைந்து இடங்களும் பார்த்தோம். எல்லாம் உப்புக் கரிக்கிற சவுட்டுத் தண்ணீர். விமானம் ஏறும்போதும் அந்தக் கிணற்றைப் பற்றியே பேசினார்.

இப்போது மறுபடியும் ஹெனானில் இருக்கிறேன். அண்ணன் மகளுக்கு வரன் அமைந்துவிட்டது. செய்தி எனக்கு ஏஜென்ட் சொல்லித்தான் தெரிந்தது. போன் போட்டேன். அண்ணிதான் எடுத்தார். எப்போதும் "சாப்ட்டீங்களா தம்பி" என்று ஆரம்பிப்பவர், "இருங்க" என்று மட்டும் சொல்லி அண்ணனிடம் கொடுத்தார்.

"நம்ம வூட்டுத் தண்ணியில செருப்புக் கழுவுனவன்கிட்ட நீ இன்னும் கைகட்டிக்கிட்டு நிக்கற" என்றார் அண்ணன்.

"வேலைங்கண்ணா."

"அப்ப அவன் வூட்டுலயே தண்ணி குடிச்சுக்க. கல்யாணத்துக்கு ஊரே வரும், நீயும் வா, வேணாங்கல. பந்தியில உக்காந்து தின்னுட்டுப் போ. வூட்டுக்குள்ள வந்து எங்க கெணத்துத் தண்ணிய மோந்து குடிக்கணும்னா அந்த வேலய உட்டுட்டு வா."

எங்க கெணறு என்றார். அந்த 'எங்க'வில் நான் இல்லை.

வேலையை விட்டுவிடலாம்தான். எனக்கே எப்போது விடுவோம் என்றிருக்கிறது. விட்டால் லியு வேறொரு துபாஷியைப் பிடிப்பார். அவன் விவரமான பையனாக இருந்தால் முதல் நாளே அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவான்: ஐயா, இவர்கள் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. அத்தோடு எல்லாம் சரியாகிவிடும். அண்ணன் சிரிப்பார், லியு சிரிப்பார், கொட்டகை எழும்பும். நான் இங்கே இந்த நாற்றத்தில் உட்கார்ந்து, அங்கே வாய் திறக்காமல் இருக்க வேண்டும். அண்ணன் மகளின் பிள்ளைகளுக்கு வெள்ளைப் பல் முளைக்க வேண்டுமென்றால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. தங்கமான குடும்பம், தங்கமான கம்பெனி. எதைப் பார்த்தாலும் குமட்டிக்கொண்டு வருகிறது.

நேற்று மதியம் லியு என் மேசைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"அண்ணன் என்ன சொல்கிறார்? ஃபெங்ஷூய் சரியாகிவிட்டதா?"

"இன்னும் இல்லையாம்."

"பரவாயில்லை, காத்திருப்போம்" என்றவர், என் கோப்பை காலியாக இருப்பதைப் பார்த்தார். தன் பிளாஸ்கைத் திறந்து, ஆவி பறக்க வெந்நீரை எனக்கு நிறைய ஊற்றிவிட்டு, அதை இரண்டு கையாலும் நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.